அழியாத இடத்தில் எழுதியது

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், நம்பு.

உன் மாப்பிள்ளை இன்ஜினியராக இருந்த ஆபீசில் நான் மேசை துடைக்கிறேன் என்று அண்ணனுக்குக் கோபம். கேள். நேற்று இரண்டு பிள்ளைகள் அங்கே திண்டாடினார்கள். கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற பொய்க் கம்ப்யூட்டர் ஒன்று, லினக்ஸாம். பெயரைச் சொன்னால் விலாசம் சொல்லும் டிஎன்எஸ் எங்கே என்று அதற்கு எழுதி வைப்பார்கள். அணைத்துப் போட்டால் எழுதியது அழிந்துவிடும். மூன்று தடவை அழிந்தது.

"தம்பி, அந்த ஃபைல்ல எழுதினா நிக்காது. நெட்வொர்க் செட்டிங்ல எழுதணும்" என்றேன்.

"அக்கா, நீங்க கப்பை எடுங்க" என்று ஒருத்தன் சிரித்தான். மற்றவன் எழுதிப் பார்த்தான். நின்றது.

"யாருக்கா சொல்லிக்கொடுத்தா?"

"எங்க வீட்டுக்காரர். சோத்துல கை வச்சா இந்தத் தப்பைத்தான் திட்டுவாரு."

அவர் தவறி ஏழு மாசமாச்சு, மறந்துவிட்டு வா என்கிறீர்கள். அழிகிற இடத்தில் நான் அவரை எழுதவில்லை அம்மா. அண்ணன் டிக்கெட் போட வேண்டாம். நான் வரமாட்டேன்.

அவர் உடலோடு ஊருக்கு அனுப்பிய பெட்டியில் அவர் எழுதிய நீல நோட்டு இருக்கும். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதே, எனக்கு வேண்டும். அவர் போர்வையும் அனுப்பு, இங்கே குளிர்.

சூப்பர்வைசர் கூப்பிடுகிறாள். போர்வையைத் துவைக்காதே, அப்படியே கட்டு.

உன் மகள்