மருந்தகத்து ஜன்னலை மறுபடி அடைக்க வேண்டாம்

அனுப்புநர்:
தலைமை மருந்தாளுநர் மற்றும் சக ஊழியர்கள் மூவர்,
மருந்து வழங்கும் பிரிவு, தரைத்தளம்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: எங்கள் பிரிவின் பின்பக்க ஜன்னலைப் பலகையால் அடைக்கும் உத்தரவை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எங்கள் பிரிவுக்கு ஏசி பொருத்தியபோது, குளிர்ச்சி வெளியே போகாமலிருக்கப் பின்பக்க ஜன்னலைப் பலகையால் அடைத்தார்கள். அன்று நாங்களும் மகிழ்ந்தோம் என்பதை மறைக்கவில்லை. பிறகு ஏசித் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, மருந்து அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை படர்ந்தது. வெள்ளையடித்தார்கள், அதையும் மீறி வந்தது.

2. அதன்பின் நால்வருக்கும் இருமல், கண் எரிச்சல், தலைவலி. விடுமுறையில் சரியாகிவிடும், வேலைக்கு வந்ததும் தொடங்கிவிடும். என் கணவரே, "ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே, உடம்புக்கு ஆகாது" என்று சொல்லும் நிலை. இருமல் மருந்து வாங்க வந்த பெரியவர் ஒருவர் நான் இருமுவதைக் கேட்டு, "முதல்ல நீ குடிம்மா, நான் அப்புறம் வாங்கிக்கறேன்" என்று பாட்டிலைத் திருப்பித் தந்துவிட்டார். வரிசையே சிரித்தது. நாங்களும் சிரித்தோம்; அதில் இருமல் இன்னும் கூடியது. எங்களில் இளையவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஆஸ்துமா. மூச்சு வாங்க உட்கார்ந்து, வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

3. சென்ற மாதம் ஏசி பழுதானது. சரிசெய்ய வந்தவர் பலகையைக் கழற்றியதும் வெயிலும் காற்றும் உள்ளே வந்தன. உதிரிபாகம் வரத் தாமதமானதால் ஜன்னல் திறந்தே கிடந்தது. வியர்த்தது உண்மை, மின்விசிறியை வைத்துச் சமாளித்தோம். அலமாரியை நகர்த்திச் சுவரைக் காயவிட்டோம். கொஞ்ச நாளில் இருமல் ஓய்ந்தது. இளையவர் மாற்றல் வேண்டாமென்று சொல்லிவிட்டு, இப்போது பாடிக்கொண்டே மாத்திரை எடுத்துத் தருகிறார். அவர் பாட்டைப் பற்றிப் புகார் செய்யும் உத்தேசம் தற்போதைக்கு இல்லை.

4. ஏசி சரியாகிவிட்டதால் திங்கட்கிழமை பலகை அடிக்கப்படும் என்று கட்டடப் பராமரிப்புப் பிரிவு தெரிவித்துள்ளது. அன்று முதல் பழைய கதைதான். குளிர்ச்சி மருந்துகளுக்கு அவசியம் என்பதை அறிவோம். ஆகவே மருந்து இருப்பையும் ஏசியையும் உள்ளறைக்கு மாற்றி, சுவர்க் கசிவை நிறுத்தி, எங்களுக்கு ஜன்னலையும் அதற்கொரு கொசுவலையையும் தந்தருள வேண்டுகிறோம்.

எழுத்து மூலம் ஆணை வரத் தாமதமாகுமெனில், தாங்கள் வாயால் ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். தச்சரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: ஜன்னலோர மேசை, மருந்து வழங்கும் பிரிவு

நன்றாக மூச்சுவிடும் நால்வர் சார்பில்,
(கையொப்பம்)
தலைமை மருந்தாளுநர்