குண்டூசிச் சீட்டுகள்

என் அன்பு வாயாடிக்கு,

உன் கத்தரி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் மூக்குக்கண்ணாடி ஒன்றைத் தவிர. அதன் ஒரு காதை நூலால் கட்டி வைத்திருக்கிறேன். ஆகவே வரி கோணலாகப் போனால் கோபத்தில் எழுதியதாக நினைத்துவிடாதே. கோபமெல்லாம் போன வாரத்தோடு தீர்ந்தது. இது சந்தோஷக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். பதினோரு வருடம் உன் பக்கத்துத் தையல் மிஷினில் உட்கார்ந்தவளுக்கு இந்த ஒரு வாய்ப்பாவது வேண்டாமா?

முதலில் உன் அம்மா. நேற்று வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. டாக்டர் சொன்னபடி நடக்கிறாரா என்று கேட்டேன். வாசல் வரைக்கும் நடந்து பக்கத்து வீட்டுக்காரியோடு ஒரு மணி நேரம் நின்றபடி பேசுகிறாராம், அதுவும் உடற்பயிற்சிதானாம். நீ யாருடைய மகள் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. நீ அனுப்பிய சால்வை மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது. ஏன் போர்த்திக்கொள்ளவில்லை என்றால், கூடவே வந்த அட்டையில் ‘உங்கள் ஏகாந்தத்தை அரவணைக்கும் அடுக்கு’ என்று போட்டிருக்கிறதாம். எனக்கு ஏதுடி ஏகாந்தம், எதிர்வீட்டு டிவி சத்தத்துல காதே போகுது, இது வேற யாருக்கோ வந்தது போல இருக்கு என்கிறார். அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நானே போர்த்திவிட்டு வந்தேன். நன்றாகச் சூடாக இருக்கிறதாம்.

இப்போது அந்த அட்டைகளுக்கு வருகிறேன். இரண்டு மாதமாக ஒவ்வொரு உடைக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து வழவழ அட்டை வந்துகொண்டிருக்கிறது. ‘காலம் கடந்த நேர்த்தியின் மௌன அறிக்கை’ என்று ஒன்று. என்ன அது? சாம்பல் நிறத்தில் நீளப் பாவாடை. ‘நகரத்தின் தாளத்தோடு மூச்சுவிடும் வடிவம்’ என்று இன்னொன்று. அது முழுக்கைச் சட்டை. நிறத்தின் பெயரோ ஈரக் கூழாங்கல்லாம். நீயும் நானும் அதை அழுக்குத் தெரியாத நிறம் என்போம், வாங்குகிறவளும் அதற்காகத்தான் வாங்குகிறாள். ஒரு அம்மா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏம்மா, இது மேல போடறதா, கீழ போடறதா என்று என்னிடமே கேட்டுவிட்டார்.

எழுதியது யாரோ என்று நினைத்து நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத ஜென்மம், பித்தான் அறுந்தால் சட்டையையே தூக்கிப் போடுகிற ஜென்மம் என்றெல்லாம் கத்தித் தையல் கூடத்தையே கூட்டினேன். பிறகுதான் உன் கடிதம் வந்தது. தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போன நீதான் அட்டைகளை எழுதுகிறாய் என்று இருந்தது. திட்டையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அட்டைகளை மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

நீ அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரமே உன் மேலதிகாரி உன் எழுத்தில் தையல் கூடத்து வாடை அடிக்கிறது என்றாளாம். நீ குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை போல அந்த வழவழ வார்த்தைகளை உட்கார்ந்து படித்தாயாம். ஆனாலும் அவர்களுக்குத் திருப்தி இல்லை, வருகிற வெள்ளிக்கிழமை உன்னை எழுத்துப் பிரிவில் வைத்துக்கொள்வதா, மிஷினுக்கே திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். உன் வாய்க்கு வார்த்தைப் பஞ்சம் என்று ஒருத்தி சொல்கிறாள், நீயும் அதை நம்பி அழுகிறாய். அட அசடே!

சரி, சனிக்கிழமை நடந்ததைக் கேள்.

அன்று நாற்பது உடை புதிதாக வந்தது. வெட்டெல்லாம் நாம் பழகியதுதான், பெயர் மட்டும் புதுசு. கடை திறப்பதற்குள் அட்டை குத்தித் தொங்கவிட வேண்டும். நம் மேலாளரை உனக்குத் தெரியுமே, மௌன அறிக்கையை முகப்புக்குக் கொண்டு வா, கூழாங்கல்லை உள்ளே தள்ளு என்று நின்ற இடத்திலிருந்தே ஏவுவார். எனக்கு எது அறிக்கை, எது கூழாங்கல் என்று எங்கே நினைவிருக்கப் போகிறது? ஒரு அடையாளத்துக்காக நம் பித்தான் டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொரு உடையையும் தைத்து முடித்ததும் அளவுச் சீட்டின் பின்பக்கத்தில் எதையாவது கிறுக்கி, உடையில் குத்தி என் பக்கம் தள்ளுவாயே. நான் சிரித்து முடித்ததும் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவாய். நான் ஒன்றையும் எறியவில்லை. ஒவ்வொரு உடைக்கும் அதே வெட்டுக்கு நீ எழுதிய சீட்டைத் தேடி முதலில் குத்தினேன், அதன் மேல் அட்டையைக் குத்தினேன். கடை திறக்கும் முன் சீட்டைக் கழற்றிவிடலாம் என்று எண்ணம்.

அதற்குள் ஒரு அவசர ஜிப் வேலை வந்தது, உள்ளே போய்விட்டேன். இஸ்திரி அண்ணன் ஆவிப்பெட்டியோடு வந்து கடைசி மடிப்பு எடுத்திருக்கிறார். சூட்டில் அந்த வழவழ அட்டை துணியில் ஒட்டிக்கொள்ளும் என்று நாற்பதையும் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சீட்டை மட்டும் தொடவில்லை. எப்படித் தொடுவார்? கையால் எழுதிய சீட்டைக் குத்தியவர்தான் கழற்ற வேண்டும் என்பது நம் கூடத்துச் சட்டமாயிற்றே. ‘முடிந்தது’ என்ற சீட்டை யாரோ கழற்றிவிட்டதால் ஒரு சட்டைக்கு இரண்டு பேர் இரண்டு தடவை கையைக் குட்டையாக்கிய நாளிலிருந்து அவர் அதை வேதமாக வைத்திருக்கிறார். பிறகு அட்டைகளோடு டீ குடிக்கப் போய்விட்டார். கடை திறந்தாகிவிட்டது.

முன்பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நம் கடையில் யாரடி சிரிப்பார்கள் என்று எட்டிப் பார்த்தேன். ஒரு நர்ஸ் பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவளுக்கு வாசித்துக் காட்டுகிறாள். நீ எழுதியதுதான்: ‘குனிந்தாலும் தூக்காது. இரண்டு பாக்கெட், இரண்டும் நிஜம்.’ கையை விட்டுப் பார்த்தாள், நிஜமாகவே இருந்தது. இதை எழுதினவங்க நாள் முழுக்க வேலை செய்யறவங்களாத்தான் இருக்கணும் என்று சொல்லி இரண்டு பாவாடை வாங்கினாள். இன்னொருத்தி கம்பளிச் சட்டைச் சீட்டைப் படித்துவிட்டுத் தாங்க முடியாமல் தொங்கு கம்பியைப் பிடித்துக்கொண்டாள்: ‘இரண்டு முறை துவைக்கிற வரை கழுத்தில் அரிக்கும். அப்புறம் பழகிவிடும், புருஷன் மாதிரி.’ கூட வந்த புருஷனே அதை எடுத்துப் போய் பில் மேஜையில் வைத்தார். ‘வெள்ளை. காபி குடிக்கும் கை நடுங்குமா என்று யோசித்து வாங்கவும்’ என்ற சீட்டுக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். மேலாளர் வெளிறிப்போய் ஓடி வந்தார், ஒரு சீட்டைப் பிடுங்கக் கையை நீட்டினார், எதிரே ஆட்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார், நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். மதியத்துக்குள் நாற்பதில் முப்பத்தொன்று போய்விட்டது. பல பேர் சீட்டையும் விடாமல் கேட்டு வாங்கிப் போனார்கள். இஸ்திரி அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து, அட்டையெல்லாம் என்கிட்டதானே இருக்கு, இங்க என்ன கூட்டம் என்று கேட்டார்.

யார் எழுதியது என்று மேலாளர் கேட்டார். உங்கள் தலைமை அலுவலகத்திலேயே இருக்கிறாள், தேடிப் பாருங்கள் என்று உன் பெயரைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆனால் மனுஷன் மேலே அனுப்பிய அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார் பார்! ‘நம்பகத்தன்மை செறிந்த நுகர்வோர்சார் சொல்லாடல் அனுபவம்’ என்று எழுதியிருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். அதைப் படித்தால் அது உன்னைப் பற்றியது என்று உனக்கே தெரியாது, உன் மேலதிகாரிக்கு எங்கே தெரியப் போகிறது?

அதனால்தான் இந்த உறை இவ்வளவு தடிமன். மிச்சமிருக்கிற சீட்டுகளையும், டப்பாவிலிருந்து இன்னும் அறுபதையும் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒன்றும் பேசாதே. உன்னால் முடியாதுதான், முயற்சி செய். இவற்றை மேஜைமேல் கொட்டு. எங்கே, எப்படி விற்றது என்று கேட்டால் நம் கடைக்குப் போன் போடச் சொல். தையல் கூடத்து வாடை அடிக்கிறது என்றால், துணி வேறெங்கே இருந்து வருகிறதாம் என்று கேள்.

உன்னிடம் எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிடம், சத்தியமாக ஒரே நிமிடம், இதை அனுப்பாமல் இருந்தால் என்ன என்று தோன்றியது. அனுப்பாவிட்டால் அடுத்த வாரமே நீ இங்கே இருப்பாய். மதியம் பாதிப் பாதியாகச் சாப்பிடலாம், மழை வந்தால் ஒரே குடையில் பஸ் நிறுத்தம் வரை நனைந்துகொண்டு போகலாம். பிறகு அந்த நர்ஸின் முகம் நினைவுக்கு வந்தது. உடனே எச்சில் தடவி ஒட்டிவிட்டேன்.

நீ ஜெயிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த எல்லா நல்ல வார்த்தையும் சேர்த்து வாழ்த்துகிறேன், அவை கொஞ்சம்தான், ஆனால் ஒன்றும் அட்டையிலிருந்து எடுத்ததில்லை. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

ஒரே ஒரு சீட்டை மட்டும் அனுப்பவில்லை. கிளம்பிய அன்று உன் நாற்காலியின் முதுகில், ‘காலி இல்லை. ஆள் வெளியே போயிருக்கிறாள்’ என்று எழுதிக் குத்திவிட்டுப் போனாயே, அது. புதிதாக வந்த பெண் அங்கே உட்காரலாமா என்று கேட்டாள், வேறு இடம் காட்டினேன். அந்தச் சீட்டை நான் தொட முடியாது. நம் கூடத்துச் சட்டம் உனக்குத் தெரியும்.

என்றும் உன்,
கத்தரி