நளினிக்குக் கால் எட்டிய வண்டி

செல்வராணிக்கு,

அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? நீயும் பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நான் நலம். இடது கட்டைவிரலில் மூன்று தையல், அவ்வளவுதான்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நளினி, கம்போங் ராஜாவில் எங்கள் பட்டறைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இறந்துபோன கணவருடைய வண்டி. வண்டிக்கே ஐம்பது வயது இருக்கும். ஏறி உட்கார்ந்தால் நளினிக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. உயரத்தைக் குறைக்கச் சொன்னார்.

"அறுத்துட்டா அழகு போயிரும் லா. அப்படியே வித்துருங்க," என்றார் முதலாளி மகேஸ்வரன்.

"அழகு பார்த்தது அவரு. நான் பிள்ளைய ஸ்கூல்ல விடணும்," என்றவர், என் பக்கம் திரும்பி, "அறுங்கண்ணே," என்றார்.

பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்கினேன். அவர் கணவர் உட்கார்ந்து பள்ளமாகியிருந்த சீட்டைச் சீவினேன். சைடு ஸ்டாண்டை அறுக்கும்போது விரல் மாட்டியது. வலி தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மகேஸ்வரன்தான் துணி சுற்றினார்.

நேற்று நளினி ஏறினார். இரண்டு காலும் தரையில் பதிந்தன.

"ஊர்ல உங்க வீட்டுக்காரம்மா மோட்டார் ஓட்டுவாங்களாண்ணே?"

"தெரியலம்மா," என்றேன்.

அவர் சிரித்துவிட்டுக் கிளம்பினார். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. போனில் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

ஊருக்கு வரும் தங்கையாவிடம் இதைக் கொடுக்கிறேன். அவரை ஏற்றிப்போக வந்த கார் ஹாரன் அடிக்கிறது. அவர் திரும்பும்போது இந்த மலைக் குளிருக்கு ஒரு கம்பளி பனியன் கொடுத்துவிடு. பிள்ளையை எதில் பள்ளிக்குக் கூட்டிப்போகிறாய் என்றும் எழுது.

வேல்சாமி