பார்க்காமலே அழுத்திய விளம்பரங்கள்

பிப்ரவரி 3
வேலையிலிருந்து என்னை அனுப்பிய பதிப்பகம் இன்று என் கணினித் திரையிலேயே விளம்பரம் செய்கிறது: ‘எங்கள் குடும்பத்தில் சேருங்கள்.’ இருபது வருடம் அவர்களுக்குப் பிழை திருத்தியவன் நான். உலாவியில் ஒரு நீட்சியை, எக்ஸ்டென்ஷன் என்பார்களே, அதைப் போட்டுக்கொண்டேன். விளம்பரங்களை மறைக்கும், மறைத்துவிட்டு, பின்னால் ஒன்று விடாமல் கிளிக்கும் செய்யும். என்னை வேவு பார்ப்பவர்களுக்கு எனக்கு எது பிடிக்கும் என்றே புரியாது. நன்றாகக் குழம்பட்டும்.

பிப்ரவரி 4
மனைவியிடம் சொன்னேன்.
“பிடிக்கலைன்னா மறைச்சுட்டுப் போங்க. கிளிக் எதுக்கு?”
கிளிக்கை நிறுத்தவில்லை.

பிப்ரவரி 19
வழக்கம்போல் தம்பியின் இணையதளம். சலவை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது பற்றி எழுதுகிறான். எங்கள் வீட்டு இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. அவனோடு பேச்சுதான் நான்கு வருடமாக இல்லை. எனக்கு வேலை போனபோது சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்தானே — “எங்க அண்ணன் முதலாளிக்கே பிழை திருத்தப் போயிருப்பாரு!” அதனால் தினமும் பக்கம் பக்கமாக அவன் பிழைகளைக் குறித்து வைக்கிறேன். இன்று ஏழு.

மார்ச் 11
அவன் தளத்தில் ஓர் அறிவிப்பு. போலிக் கிளிக்குகள் என்று விளம்பர நிறுவனம் அவன் கணக்கை முடக்கிவிட்டதாம்; தளத்துக்கு வருமானமே அதுதான். மாதக் கடைசியில் தளத்தை மூடுகிறான். ‘யாரோ ஒருவர் தினமும் வந்து எல்லா விளம்பரங்களையும் அழுத்தியிருக்கிறார். அவருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?’

யாரோ ஒருவர்.

மார்ச் 12
நான்தான். வேற யாரு? பெரிய நிறுவனத்தைக் குத்தறதா நினைச்சு — குத்து விழுந்தது நடுவுல நின்ன தம்பி மேல.

மார்ச் 14
நடந்ததை எழுதி அவனுக்கு அனுப்பினேன், நிறுவனத்திடம் காட்டட்டும் என்று. ‘மன்னித்துவிடு’ என்பதை மூன்று முறை அழித்தேன். நான்காம் முறை எழுதியதை அழிக்காமல் விட்டுவிட்டேன்.

மார்ச் 15
தொலைபேசியில் அவன்.
“தினமும் வந்தது நீயாண்ணே?”
“ஆமா.”
“உங்க வீட்டு மெஷின் ரிப்பேரா?”
“இல்ல. பிழை பார்க்க.”
“மொத்தம் எத்தனை?”
“அறுநூத்திச் சொச்சம்.”
“அடப்பாவி! ஒண்ணாவது சொல்லியிருக்கக் கூடாது?”

மார்ச் 27
நிறுவனம் மறுத்துவிட்டது. கணக்கு போனது போனதுதான். நீட்சியில் மறைப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றத் தளங்களிலும் கிளிக் செய்வதை நிறுத்தினேன். மனைவி எட்டிப் பார்த்தாள். நல்லவேளை, ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 9
தம்பியின் தெருவில் உதிரிபாகம் விற்பவர் நேரடியாக ஒரு விளம்பரம் தருகிறாராம், தளம் தப்பித்தது. வாசகத்தை எனக்கு அனுப்பியிருந்தான். இரண்டு பிழை. திருத்தி அனுப்பினேன்.

ஏப்ரல் 10
அவன் தளத்தில் மட்டும் நீட்சியை அணைத்தேன். வலது மூலையில், கண்ணை உறுத்தும் சிவப்பில், அந்த விளம்பரம். முழுவதும் படித்தேன்.