கேட்காத கிளப்

மே 4

கோல் போடுகிறவனை விற்பது சுலபம். கோல் விழாமல் பார்த்துக்கொள்கிறவனை எப்படி விற்பது? இன்று பகல் முழுக்க உட்கார்ந்து மச்சினனின் கால்பந்து ஆட்டங்களை வெட்டி ஒட்டி ஒரு வீடியோ செய்தேன். நாலு நிமிஷம். அதில் அவன் செய்வதெல்லாம் சரியான இடத்தில் நிற்பதுதான். பந்து வருகிறது, இவன் ஏற்கெனவே அங்கே இருக்கிறான், தட்டிவிடுகிறான், திரும்பி நடக்கிறான். பக்கத்தில் இருந்து பார்த்த என் பெண்டாட்டி கொட்டாவி விட்டாள். அவன் கூடப்பிறந்த அக்கா அவள்.

வயது முப்பத்திரண்டு. ஒப்பந்தம் ஜூன் கடைசியோடு சரி. என்னிடம் இருக்கிற ஏழு ஆட்டக்காரர்களில் முதல் அணியில் தவறாமல் ஆடுகிறவன் இவன் ஒருத்தன்தான். மற்ற ஆறு பேரும் பெஞ்சைத் தேய்க்கிறார்கள். நான் ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்வதே இவன் தயவில்தான்.

மே 9

மச்சினனின் கிளப் மேனேஜரைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத சட்டை. மனுஷன் உட்கார்ந்து எழுந்தாலும் கலையவில்லை. "இன்னும் ஒரு வருஷம், அதே சம்பளம்" என்றார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

யோசிக்க என்ன இருக்கு? சரின்னு சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன உடனே தலையாட்டினா அப்புறம் ஏஜென்ட் எதுக்கு, தலையாட்டி பொம்மை போதுமே.

மே 12

தொழிலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எனக்குத் தெரிந்த நிருபரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, "என் பேர் வரக் கூடாது. நம்ம ஆளை வெளிநாட்டு கிளப் ஒண்ணு கேக்குது" என்றேன். எந்த நாடு என்றான். குளிர் நாடு என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. நல்ல மனுஷன். ஆள் கைவிட்டுப் போய்விடுவான் என்று பயந்தால் மேனேஜர் சம்பளத்தைக் கூட்டுவார். கணக்கு அவ்வளவுதான்.

மச்சினனிடம் மூச்சு விடவில்லை. அதுவும் தொழில் வழக்கம், ஆட்டக்காரனுக்குத் தெரியக் கூடாது. இவன் முகத்தில் பொய் ஒரு நிமிஷம் தங்காது. எதிரணிக்காரன் காலை மிதித்துவிட்டு, நடுவர் பார்க்கவில்லை என்று தெரிந்தும் தானே போய்ச் சொன்ன பிரகஸ்பதி.

மே 14

வந்துவிட்டது. எட்டாம் பக்கம், படத்தோடு. நான் சொன்னது ஒரு வரி, அவன் எழுதியது அரைப் பக்கம். "நெருங்கிய வட்டாரங்கள்" என்று போட்டிருக்கிறான். நான் ஒருத்தன் எப்போது வட்டாரங்கள் ஆனேன்?

மே 17

இன்னும் இரண்டு பத்திரிகை. ஒன்றில் அந்த வெளிநாட்டு கிளப்பின் பெயரே இருக்கிறது. நான் சொல்லவே இல்லை. ஒருவேளை நிஜமாகவே கேட்டிருக்கிறார்களோ?

அந்த கிளப்புக்கே ஃபோன் போட்டேன். வெட்கம் கெட்ட வேலைதான். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள், ஆட்டக்காரர் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நானே வைத்துவிட்டேன்.

மே 20

மச்சினன் வீட்டுக்கு வந்தான். பையில் கம்பளிச் சட்டை. இந்த வெயிலில் அதைப் போட்டுக் காட்டினான். "நீங்க வாயத் திறக்க மாட்டீங்கன்னு தெரியும் அத்தான். நான் எதுவும் கேக்கல." அப்புறம் அந்த நாட்டு பாஷையில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினான். அவன் அக்கா கைதட்டினாள். நான் பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

அப்பவே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல? மேனேஜர் இறங்கி வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு ஒரு நப்பாசை.

மே 26

மேனேஜர் கூப்பிட்டார். மீன் சிக்கிவிட்டது என்று துள்ளிக்கொண்டு போனேன். எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். இந்த வயசுல வெளிநாடுன்னா சும்மாவா? நாங்க குறுக்க நிக்க மாட்டோம்."

மேசையில் ஒரு படம். இருபத்திரண்டு வயதுக்காரன், மச்சினன் ஆடுகிற அதே இடத்தில் ஆடுகிறவன். நேற்றே கையெழுத்து ஆகிவிட்டதாம்.

என்ன சொல்வேன்? "சார், அது நானே அவிழ்த்துவிட்ட புளுகு" என்றா? பல்லைக் காட்டி நன்றி சொல்லிவிட்டு வந்தேன். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினைக்கு விலாசம் தெரியவில்லை, அவனைச் சுட்டுவிட்டது.

மே 30

இதுவரை பதினோரு கிளப்புக்கு ஃபோன் போட்டாயிற்று. "முப்பத்திரண்டா?" என்று கேட்டுவிட்டு வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். அதில் மூன்று பேர், "அவருதான் வெளிநாடு போறாரே, எங்களை எதுக்குக் கிண்டல் பண்றீங்க?" என்றார்கள்.

ஜூன் 2

இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 3

இன்றும் இல்லை. பதினைந்து வரை எண்ணுகிறான்.

ஜூன் 5

சொல்லிவிட்டேன்.

பயிற்சி முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, பழைய டூத் பிரஷ்ஷால் பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணை எடுத்துக்கொண்டிருந்தான். நின்றபடியே ஒப்பித்தேன்: நிருபர், டீ, குளிர் நாடு, மேனேஜர், புதிதாக வந்தவன், பதினோரு கிளப். என் குரல் எனக்கே யாரோ போலக் கேட்டது.

"அப்ப யாருமே கேக்கலையா அத்தான்?"

"இல்லடா."

"ஒருத்தர்கூட?"

இல்லை என்று தலையாட்டினேன். அவன் மறுபடி மண்ணை எடுக்க ஆரம்பித்தான். ஒரு பூட்ஸை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும்போது, "இங்கயே அதே சம்பளத்துக்கு இருன்னு சொன்னாங்கல்ல. நான் இருந்திருப்பேனே" என்றான். "நீங்களும் என்னைக் கேக்கல."

திட்டியிருந்தால் தேவலை. நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பிரஷ்ஷை உதறிப் பையில் போட்டுக்கொண்டு, "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று போய்விட்டான்.

ஜூன் 6

அவளிடமும் சொன்னேன். "ஊர்ல இருக்கிறவன்கிட்டல்லாம் வாயடிக்கிறீங்களே, என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேக்க வாய் வலிச்சுதா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு தட்டு மட்டும்தான் என்னோடு பேசுகிறது, மேசையில் வைக்கிற சத்தத்தில்.

ஜூன் 15

மச்சினனிடமிருந்து பதிவுத் தபால். என்னோடு போட்ட ஏஜென்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறானாம். இரண்டு வரி, கீழே முழுப் பெயர், கையெழுத்து. காரணம் எதுவும் எழுதவில்லை. நான் எழுதிக் கொடுத்திருந்தால் நாலு பக்கம் வந்திருக்கும்.

அழுகை வந்தது. வந்தது என்ன வந்தது, அழுதேன்.

ஜூலை 1

பெண்டாட்டி இன்று பேசினாள். தம்பிக்கு கிளப் கிடைத்துவிட்டதாம். இரண்டாம் டிவிஷன், பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். ரொம்பச் சின்ன கிளப் என்று நான் ஃபோன்கூடப் போடாத இடம். நேரே போய் இறங்கி, "ஒரு நாள் ஆட விட்டுப் பாருங்க" என்று கேட்டானாம். பயிற்சி ஆட்டத்தின் பாதியிலேயே அவர்களுடைய கோச் பேனாவைத் தேடினாராம்.

பதினேழு வருஷமா இந்தத் தொழில்ல குப்பை கொட்டறேன். நேரா போய்க் கேக்கலாம்னு ஒரு நாளும் எனக்குத் தோணினதில்ல.

ஜூலை 8

அந்த கிளப் ஆபீசிலிருந்து ஃபோன். கிளார்க். மச்சினன் நிரப்பிக் கொடுத்த ஃபாரத்தில் என் நம்பர் இருக்கிறதாம், சரிபார்க்க வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமாங்க, நான்தான் அவரோட ஏஜென்ட்" என்றேன்.

"இல்ல சார். ஏஜென்ட்ங்கிற இடத்துல 'இல்லை'ன்னு எழுதியிருக்காரு. இது ஆட்டத்துல அடிபட்டா யாருக்குச் சொல்லணும்ங்கிற கட்டம். உறவு, அத்தான்னு போட்டிருக்கு. சரிதானே?"

சரிதான் என்றேன். எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன், எங்கே இருந்தாலும் கிளம்பி வந்துவிடுவேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"அதுக்கெல்லாம் கட்டம் இல்ல சார்" என்றார்.