அப்பாவின் தலைமாட்டில் எழுதியிருந்த பெயர்

டார்வென்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள கோலினுக்கு அம்மா எழுதுவது. நீயும் லினெட்டும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று இந்தத் தடவை பொய் கலக்காமல் எழுத முடிகிறது, ஏனென்றால் அப்பா வியாழக்கிழமை வருகிறார். முதியோர் இல்லத்துக்கு இல்லை, வீட்டுக்கு. முன்னறையில் கட்டில் போட்டாகிவிட்டது, பக்கத்து வீட்டு ஆலன் வந்து சோபாவை நகர்த்திக் கொடுத்தான். என் இருமலும் குறைந்திருக்கிறது, அந்த மஞ்சள் மருந்தை வாயில் வைக்க முடியவில்லை என்றாலும் கேட்கிறது. அங்கே வெயில் கொளுத்துகிறதாமே, பிள்ளைகளைத் தொப்பி இல்லாமல் விடாதே.

நடந்ததைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதும், இருமலோடு வார்டுக்கு வரக்கூடாது என்று என்னை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். கடைசியில் உள்ளே விட்டதே, அவரை அடுத்து எங்கே அனுப்புவது என்று பேசும் கூட்டத்துக்காகத்தான். அவருக்கு ஞாபகம் போய்விட்டது, சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, வீட்டில் வைத்துப் பார்க்க உங்களால் முடியாது, முதியோர் இல்லம்தான் வழி என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். அதன் பிறகுதான் படுக்கைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் உன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார், “யாருடி இந்த ரிச்சர்ட்? பாவம், பொழுதன்னைக்கும் கூப்பிடுறாங்க, அந்தாளு வாயே தெறக்க மாட்டேங்கிறான். போய்ச் சேந்துட்டானோ என்னமோ.”

நிமிர்ந்து பார்த்தால் தலைமாட்டுப் பலகையில், ‘என்னை இப்படிக் கூப்பிடுங்கள்’ என்ற வரிக்கு எதிரே ரிச்சர்ட் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டது எங்கள் கல்யாணத்தில் பாதிரியார் ஒருவர்தான், அன்றைக்கும் இவர் ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தார். மயக்க மருந்தும் மாத்திரையும் உள்ளே போன மனுஷனுக்கு அது எங்கே உறைக்கப் போகிறது. நர்ஸ் ஜேட் சின்னப்பெண், தங்கமான பெண். எல்லாரும் அவரைக் கூப்பிடுவது டிக் என்று நான் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது, அப்படியெல்லாம் ஒருத்தரைக் கூப்பிடுவார்களா என்கிறாள். அவளை உட்கார வைத்துச் சொன்னேன். ரிச்சர்ட் நீளம் என்று ரிக் ஆக்கினார்கள், ‘வில்’ என்ற பெயரை ‘பில்’ ஆக்கியதுபோல ரிக்கை டிக் ஆக்கினார்கள், பிறகு வீட்டுக்கு ஒரு டிக், தெருவுக்கு நாலு டிக். பெயர் தெரியாத ஆளைக்கூட டிக் என்றார்கள். பட்டாளத்துக்காரர்கள் கொச்சை பேசினபோது, ஆண்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்த பெயர் ஆண்கள் எல்லாருக்கும் பொதுவான, இடுப்புக்குக் கீழுள்ள சமாசாரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது என்பார்கள். அது அந்தச் சொல்லின் தலையெழுத்து, என் வீட்டுக்காரர் என்ன செய்வார்? அவர் வகுப்பில் மூன்று டிக் இருந்தார்கள், ஒருத்தரும் சிரித்ததில்லை.

நான் கூப்பிட்டால் என் குரலுக்குத்தான் திரும்பினார், பெயருக்கு இல்லை என்பார்கள், அதனால் அவளையே கூப்பிடச் சொன்னேன், டாக்டரும் நின்றார். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள், உரக்கச் சொல்லும்மா என்றேன். “டிக்!” என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள். உன் அப்பா சட்டென்று திரும்பி, “என்ன கண்ணு, டீ வந்துருச்சா?” என்றார். ஓரத்துப் படுக்கைக்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குத் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்தேன். டாக்டர் பழைய கேள்விகளையே திரும்பக் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, பிரதமர் யார் என்றதற்குப் பெயரோடு வசவும் சேர்ந்து வந்தது.

எனக்குப் பலகையில் எழுதியவள்மேல்தான் கோபம். ரிச்சர்ட் என்று உங்கள் மகன்தான் போனில் சொன்னார் என்றாள் ஜேட். அப்பா பெயர் டிக் என்பதற்காக நீ பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி எனக்குத் தெரியும், கிழிந்த சட்டையைத் தைத்தவளே நான்தான். ஆனாலும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. உன் மானத்தைக் காப்பாற்றப் போய் அப்பாவை அந்நிய வீட்டில் கொண்டுவிடப் பார்த்தாயே. யார் அப்படி எழுதியது என்று அப்பா கேட்டார். ஆபீசில் யாரோ என்றேன், அப்படியே இருக்கட்டும்.

லினெட்டுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். கடவுள் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும். அடுத்த மாதம் அப்பா பிறந்தநாள், ஞாபகம் இருக்கிறதல்லவா. வருஷா வருஷம் உன் வாழ்த்து அட்டையின் உறைமேல் ‘திரு. ஆர். என்ட்விசில்’ என்று எழுதுகிறாய். இந்த வருஷம் டிக் என்று எழுது, நன்றாகத் தெரியும்படி. எங்கள் தபால்காரருக்கு வெட்கமில்லை.

இப்படிக்கு,
டிக்கின் மனைவி,
உன் அம்மா மேவிஸ்