கோழி எப்ப வரும்?

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். இறைவன் துணையால் நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா?

இன்று ஒன்றாம் வகுப்பில் டீச்சர், பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், ஆயாவாக நான், கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குச் சூட்டில் அடைவைத்த ஆறு முட்டைகள், இவ்வளவு பேரும் இருந்தோம். ஓட்டில் விரிசல் கண்டதும், "எல்லாம் இப்பப் பொரிச்சிடும்" என்றேன். முன்வரிசைக் குட்டி ஓவென்று அழுதுவிட்டாள்.

"பொரிக்காதீங்க ஆயாம்மா, பாவம்."

டீச்சர் சிரித்துவிட்டார். "இவங்களுக்குப் பொரிக்கிறதுன்னா எண்ணெய்ச் சட்டிதான் ஆயாம்மா."

குஞ்சு வெளியே வருவதற்கும் அதுதான் பேர் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துவிட்டேன். ஐந்து குஞ்சுகள் வந்தன. அவள் சமாதானமாகி, "இதுங்க அம்மா எங்க?" என்றாள்.

யோசிக்காமல், "வேலைக்குப் போயிருக்கு" என்றேன்.

"எப்ப வரும்?"

பெட்டிக் கண்ணாடியைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

கவலைப்பட ஒன்றுமில்லை, நீங்கள் சிரிக்கத்தான் எழுதினேன். பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். இங்கே செருப்பு மலிவு. என்னிடம் இருப்பது போன வருடத்து அளவு. அவளும் அம்மா எப்ப வரும் என்று கேட்பாளே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அதையே இந்தக் குட்டியிடமும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மறுபடியும் கேட்பாள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.